வாக்குப் பொறியும் ஊரார் பேச்சும்

பொறி என்னும் சொல் நம் மொழியில் பல பொருள் குறித்து வழங்குவதாகும். ஐம்பொறி என்னுமிடத்துப் புலன்களின் வாயிலையும், தீப்பொறி என்னுமிடத்துச் சிறு கனலையும், புலிப்பொறி என்னுமிடத்து வேந்தன் இட்ட இலச்சினையையும், மதிற்பொறி என்னுமிடத்துப் பகைவரைத் தடுத்தற்கு மதில்மேல் அமைத்த யந்திரத்தையும் அஃது உணர்த்தும். எலியைப் பிடிப்பதற்கு வீட்டில் வைப்பதும் பொறியே. தேர்தற் காலத்தில் நம் ஊரார் பேசுவதைச் செவிமடுப்பார்க்கு, வாக்குப் பதிவு செய்யும் யந்திரத்தை அவருள் ஒரு சாரார் மதிற்பொறியாகவும், மற்றொரு சாரார் எலிப்பொறியாகவும் கருதுகின்றனர் என்பது விளங்கும். இவ்விரு கருத்துக்களையும் சற்றே ஆராய்ந்து, அவற்றுட் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேநீர்க் கடையின் பலகையிலும், பேருந்திலும், நம் விடுதியின் உணவுக்கூடத்திலும் இதுபற்றி எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே தன்மையது. “எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஓட்டு ஒரே சின்னத்துக்குத்தான் போகிறது” என்பார் ஒருவர். “சீட்டு இருந்த காலத்தில் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதை மறந்துவிட்டீரா?” என்பார் மற்றொருவர். “பணத்தையே அலைபேசியில் அனுப்புகிறோம், இதை மட்டும் நம்பாமல் இருப்பானேன்?” என்பான் மாணவன். “அமெரிக்காவிலேயே காகிதந்தான், தம்பி” என்று அவன் வாயை அடைப்பார், நாடோறும் பத்திரிகை படிக்கும் பெரியவர். பிறகு பேச்சு வெங்காய விலைக்குத் திரும்பிவிடும்.

இப்பேச்சின்கண் ஒரு விந்தை உண்டு. ஐயுறவு என்பது ஒரு கட்சியிடத்து நிலைத்து நிற்பதில்லை. தேர்தல்தோறும் அது வீடு மாறுகின்றது. 2009-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்குப் பின், தோற்ற பாரதீய ஜனதாக் கட்சியின் தலைவர் எல். கே. அத்வானி மீண்டும் சீட்டு முறைக்கே செல்லவேண்டும் என்றார். அக்கட்சியினரான ஜி. வி. எல். நரசிம்ம ராவ் யந்திரத்தைக் கண்டித்து 2010-இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு அணிந்துரை வழங்கியவரும் அத்வானியே. 2014-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உத்தரப் பிரதேச முடிவைக் கண்டு மாயாவதியும், பஞ்சாப் முடிவைக் கண்டு அரவிந்த் கெஜ்ரிவாலும் அதே குற்றச்சாட்டைக் கூறினர். முன்னர்ப் பழித்தவர் இப்போது யந்திரத்தின் புகழ் பாடினர். ஆதலின், இஃது எல்லாம் தோற்றவர் புலம்பல் என்று கைகொட்டி நகைப்பாருளர். யான் அங்ஙனம் நகைக்க ஒருப்படேன். வென்றவனுக்குச் சான்று வேண்டுவதில்லை. அவன் எந்தக் கணக்கையும் ஏற்றுக்கொள்வான். தோற்றவனும் “ஆம், தோற்றேன்” என்று ஒப்பி வீட்டுக்குச் செல்லும்படி செய்தற்கன்றோ தேர்தல் என்பது ஏற்பட்டது? அவன் ஒப்பத்தக்க சான்று உளதா என்பதே வினா.

இவ்வுண்மையை இவ்யந்திரத்தின் முதற் கதையே நன்கு காட்டும். 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் மட்டும் யந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. வேட்பாளருள் ஒருவரான சிவன் பிள்ளை என்பார், யந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்னரே உயர் நீதிமன்றம் சென்றார், நீதிமன்றம் தலையிடவில்லை. முடிவு வந்தது. யந்திரத்தை அஞ்சிய சிவன் பிள்ளையே 123 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். உடனே, அதுகாறும் வாளா இருந்த எதிர் வேட்பாளர் ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். தேர்தற் சட்டமும் விதிகளும் சீட்டையும் பெட்டியையுமே அறியும், யந்திரத்தை அறியா. சட்டம் கூறாததைத் தேர்தல் ஆணையம் தானே புகுத்தலாகாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். யந்திரம் பிழை செய்தது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். யந்திரம் நல்லதா தீயதா என்பதற்கு முன்னர், அதனை நம்முன் வைத்தற்கு உரிமை உடையார் யார் என்பதே எழுந்த வழக்கு.

அக்குறையை நீக்குதற்குப் பாராளுமன்றம் 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சாவடியைக் கைப்பற்றுதல் என்னும் குற்றத்துக்குத் தனிப் பிரிவு வகுத்ததும் அதே திருத்தமாகும். வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தமும் அதே 1989 மார்ச்சு மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. எனவே, நம் வகுப்பில் இருப்போர்க்கு வாக்கும் வாக்குப் பொறியும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒருங்கு பிறந்தன எனலாம்.

சீட்டு முறையின் தொல்லைகளை நம் தலைமுறை கண்டறியாது. பெரியோர் கூறக் கேட்பதே. எனினும் ஒன்றை ஈண்டுக் கூறாமல் இருத்தற்கியலவில்லை. 1996-ஆம் ஆண்டு நம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். உழவர் தம் குறைகளை அரசினர்க்கு உணர்த்துதற்குக் கைக்கொண்ட வழி அது. வாக்குச் சீட்டு சீட்டாக இல்லாமல் புத்தகமாகவே அச்சிடப்பட்டது. வாக்காளர் தம் சின்னத்தைத் தேடி ஏடுகளைப் புரட்டிக்கொண்டு நின்றதை எண்ணுங்கால் நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. அதன்பின் சட்டமன்ற வேட்பாளர் கட்டவேண்டிய காப்புத் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு வாக்களிப்புக் கருவியில் 16 பொத்தான்கள் உள. பழைய வகையில் 4 கருவிகளையும், பின்னர் வந்த மூன்றாம் வகையில் 24 கருவிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கலாம். 24-ஐ 16-ஆற் பெருக்கினால் 384. ஆகவே மொடக்குறிச்சி மீண்டும் நிகழுமாயின் புதுப்பொறியும் கைவிரித்துவிடும்!

இனி யந்திரத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். அதனைப் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆகிய இரண்டு அரசு நிறுவனங்களே செய்கின்றன. வாக்காளர் அழுத்தும் பொத்தான்கள் உள்ள கருவி மறைப்புக்குள் இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவி அலுவலரிடம் இருக்கும். அலுவலர் ஒருமுறை அனுமதித்தாலன்றி ஒரு வாக்கும் பதியாது. ஒரு நிமிடத்திற்கு நான்கு வாக்குகள் அளவிலேயே பதியும். ஆதலின் சாவடியைக் கைப்பற்றிய கயவர், முன்போல ஒரு நொடியிற் கட்டுக்கட்டாகச் சீட்டுகளைக் குத்தித் தள்ளுதல் இயலாது. மின்கலத்தால் இயங்குதலின் மின்சாரம் இல்லாத மலையூரிலும் இது வேலை செய்யும். இணையத்தோடு இதற்குத் தொடர்பில்லை. “டெல்லியிலிருந்து கொண்டே மாற்றிவிடுகிறார்கள்” என்னும் தேநீர்க்கடைப் பேச்சு, அவ்வளவில், பதரே.

பின்னர்ச் சேர்ந்தது விவிபேட் என்னும் சீட்டுக் காட்டும் கருவி. பொத்தானை அழுத்தியவுடன், வேட்பாளரின் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்று கண்ணாடிக்குப் பின் ஏழு நொடி நின்று, பின்பு வெட்டுண்டு பெட்டிக்குள் வீழும். 2013-ஆம் ஆண்டு நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் இது முதன்முதல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வைக்கப்பட்டது. இக்கருவி நலஞ் செய்தது. ஆனால் புதிய ஐயம் ஒன்றையும் உடன் கொணர்ந்தது. பழைய பொறிக்கு எந்தப் பொத்தான் எந்தக் கட்சியினது என்பதே தெரியாது. அஃது எண்களை மட்டும் அறியும். சீட்டில் சின்னத்தை அச்சிட வேண்டுமாயின், தேர்தலுக்குச் சில நாள் முன்னர் அச்சின்னங்களை வெளியிலிருந்து கருவிக்குள் ஏற்றியாகவேண்டும். குருடாய் இருந்தமையாலே நடுநிலையாய் இருந்த பொறிக்கு இப்போது கண் கொடுத்துவிட்டோம் என்பர் ஐயுறுவோர். இது கற்றோர் கூறும் ஐயம்; எளிதில் தள்ளத்தக்கதன்று.

நிற்க. மாணவன் கூறிய அலைபேசிப் பண உவமைக்கு வருவோம். இதுவே இன்று எங்கும் கேட்கப்படும் வாதமாகும். கேட்டவுடன் வாயடைக்கச் செய்வதுமாகும். ஆயினும் ஆராய்ந்தால் அது நில்லாது. யான் ஒருவர்க்கு நூறு ரூபாய் அனுப்பினால், என் கணக்கில் அது குறைந்ததையும் அவர் கணக்கில் அது கூடியதையும் இருவரும் கண்டுகொள்கின்றோம். பெயரும் நாளும் நேரமும் பதிவாகின்றன. தவறு நேர்ந்தால் ஒரு மாதங் கழித்தும் வங்கிக்குச் சென்று வழக்கிடலாம். வாக்கோ, என் விரலைவிட்டு நீங்கிய கணத்திலேயே என் பெயரைவிட்டும் நீங்கிவிடுகின்றது, நீங்கவும் வேண்டும். அஃது என் பெயரோடு ஒட்டியிருக்குமாயின், நில உடையவனும் கடன் கொடுத்தவனும் கட்சிக்காரனும் அதனைக் கேட்டுத் தெரிந்துகொள்வர். ஆதலால் “என் வாக்கு எங்கே?” என்று பின்னர்ச் சென்று கேட்கும் உரிமையை, மறைவின் பொருட்டு நாமே துறந்துவிட்டோம். பின்னர்க் கேட்க இயலாத ஒன்றை அப்பொழுதே, அவ்விடத்தே, பலர் கண்முன் சரிபார்த்துவிட வேண்டும். பணத்துக்கு யந்திரத்தின் நினைவு போதும். வாக்குக்கு மனிதர் கண்கள் வேண்டும்.

2010-ஆம் ஆண்டில் ஐதராபாத்து ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மேன் முதலியோர், தங்கள் கைக்குக் கிடைத்த நம் யந்திரம் ஒன்றைத் திறந்து, அதன் எண் காட்டும் பலகைக்கு மாற்றாக அதனை ஒத்த வேறொன்றைப் பொருத்தி, அலைபேசியின் துணைகொண்டு முடிவை மாற்றிக் காட்டலாம் என்று மெய்ப்பித்தனர். யந்திரத்தைத் திருடிய குற்றத்தின்பேரில் ஹரி பிரசாத் அவ்வாண்டு ஆகஸ்டில் சிறைப்பிடிக்கப்பட்டார். ஆணையம் அளித்த விடையாவது: யந்திரம் ஒருவர் கைக்குத் தனியே கிடைத்தாலன்றோ இவை இயலும், அது முத்திரையிட்டுக் காவலில் வைக்கப்படுகிறதே என்பது. பின்னர் 2017 ஜூன் மாதத்தில், யந்திரத்தைக் கெடுத்துக் காட்ட வாருங்கள் என்று கட்சிகளை ஆணையமே அறைகூவி அழைத்தது. தேசியவாதக் காங்கிரசும் மார்க்சிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியுமே சென்றன. அவையும் கெடுத்துக் காட்ட முயலவில்லை. வெளியிலிருந்து மட்டும் தொடலாம், உட்பகுதியை மாற்றலாகாது என்ற கட்டுப்பாட்டோடு நடந்த அறைகூவல், இரு சாராரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது என்பதே என் கருத்து.

இரு திறத்தார் கூற்றையும் உற்று நோக்கினால், அவர்கள் ஓரிடத்திற் கைகோத்து நிற்பது புலப்படும். திறந்தால் மாற்றலாம் என்பார் ஒருவர். திறவாமல் முத்திரை காக்கும் என்பார் மற்றவர். ஆகவே யந்திரமாகிய பொறியின் நேர்மை, முத்திரையாகிய பொறியினாலேயே நிற்கின்றது. இவ்விடத்து நம் பழம்பாட்டு ஒன்று என் நினைவுக்கு வருகின்றது. அகநானூற்று 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், பாலை வழியில் வீழ்ந்துகிடக்கும் வீரர் உடலிலிருந்து எருவைகள் குடரை ஈர்க்கும் கொடுங்காட்சிக்கு ஓர் உவமை கூறுகின்றார். கயிற்றாற் கட்டிய குடத்தினின்று ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்கள் அவ்வுவமையில் வருகின்றனர். இது குடவோலைத் தேர்தலைக் குறிப்பது என்று கொள்வாரும், ஆவணக் களரியின் வழக்கமே என்பாரும் உளர். அவ்வழக்கு எப்படியாயினும், நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவர்கள் குடத்தை வாளா உடைப்பதில்லை. மேலிட்ட பொறியை முதலிற் கண்டு, பின்னரே அதனை அழிக்கின்றனர். முத்திரையை அழித்தற்கு முன் பார்த்தல் வேண்டும் என்னும் விதி, காகிதத்துக்கும் மின்சாரத்துக்கும் மூத்தது.

இன்றைய சாவடியிலும் அவ்விதி உண்டு. வாக்குப்பதிவு தொடங்குதற்கு முன்னர், வேட்பாளரின் முகவர் முன்னிலையில் 50-க்குக் குறையாத மாதிரி வாக்குகள் பதியப்படுகின்றன. யந்திரத்தின் கணக்கும் சீட்டின் கணக்கும் ஒத்திருத்தல் காட்டப்படுகின்றது. பின்னர் அவை அழிக்கப்பட்டு, பச்சைத்தாள் முத்திரையில் முகவர் கையெழுத்திட, கருவி மூடப்படுகின்றது. மாலையில் வாக்குப்பதிவு முடிந்தவுடன், எத்தனை வாக்குகள் பதிந்தன என்பதை 17சி என்னும் படிவத்தில் எழுதி, அதன் படியை முகவரிடம் கொடுக்கவேண்டும். எண்ணும் நாளில் அவ்வெண்ணும், முத்திரையின் எண்ணும், கையெழுத்தும் ஒத்துப் பார்க்கப்படும். இவையெல்லாம் எழுத்தறிந்த எவரும் செய்யத்தக்கவை. பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. ஆனால் விடியற்காலையில் முகவர் வந்தால் அன்றோ? வாராவிடின் அலுவலர் சற்றே காத்திருந்து, மாதிரி வாக்குப்பதிவைத் தாமே நடத்திவிடுவர். பெரிய கட்சிகளுக்கு முகவர் உளர். சிறு கட்சிகளுக்கும் தனித்து நிற்பார்க்கும் எல்லாச் சாவடிகளிலும் வைக்க ஆளும் இல்லை, பொருளும் இல்லை. சமூக ஊடகத்தில் யந்திரத்தைப் பழித்து ஆயிரம் வரி எழுதுவோர், 17சி என்பது பேருந்தின் தட எண்ணோ என்று கேட்கும் நிலையில் இருப்பது வருந்தத்தக்கது.

எண்ணும் மண்டபத்தில் நிகழும் ஒரு செயல், தமிழ் மாணவர்க்குப் பெருமகிழ்ச்சி தரும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, யந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் இட்ட ஆணை. அவ்வைந்தும் எவை என்பதை எங்ஙனம் தெரிவது? சாவடிகளின் எண்களைத் தனித்தனித் தாளில் எழுதி, முகவர்க்குக் காட்டி, நான்காக மடித்து, ஒரு கலத்திலிட்டுக் குலுக்கி எடுக்கின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரில் நடந்ததும் இதுவே. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறித்த அவ்வூர்க் கல்வெட்டுக்களின்படி, 30 குடும்புகளிலிருந்தும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, முதிய நம்பியார் அக்குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். ஏன்? விரலிடையே வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடாமைப் பொருட்டே. அவன் வாசித்த பின்னர், அங்குள்ள நம்பிமார் எல்லாரும் அதனை வாசித்தல் வேண்டும். அதன் பின்னரே பெயர் ஏற்கப்படும்.

இக்கல்வெட்டைக் காட்டி, உலகிற்கே குடியாட்சி கற்பித்தவர் நாம் என்று மேடையில் முழங்குவார் பலர். அது மிகை. அது பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டோர்க்கே குடவோலை. அங்கு நடந்தது சீட்டெடுப்பேயன்றி வாக்களிப்பன்று. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் ஆங்கு இடமில்லை. ஆயினும் ஐயத்தை அகற்றும் முறையில் அவர்கள் நம்மினும் நுண்ணியராய் இருந்தனர். மத்தியஸ்தன் நல்லவனா என்று அவர்கள் வாதாடவில்லை. கையை விரி என்றனர், அவ்வளவே. நம் ஊரார் பேச்சின் குறை இதுவென்பேன்: அவர்கள் யந்திரத்தை ஒரு மனிதனாக வைத்து, அவன் யோக்கியனா அயோக்கியனா என்று வழக்கிடுகின்றனர். கேட்கவேண்டுவது, கை விரிந்திருக்கிறதா என்பது.

இவ்வினாவை ஜெர்மானிய நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் நேரே எடுத்துக்கொண்டது. 2005-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பொதுத் தேர்தலிற் பயன்பட்ட வாக்குக் கணினிகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்று 2009 மார்ச்சு 3-ஆம் நாள் அது தீர்ப்பளித்தது. பிழை நிகழ்ந்ததாகச் சான்றில்லை. ஆதலின் தேர்தலை அது தள்ளவில்லை. ஆனால் தேர்தலின் முதன்மையான படிகள் எல்லாவற்றையும், தனித் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் தானே சரிபார்க்க இயல வேண்டும் என்றது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேற் செலவிட்டு வாங்கிய யந்திரங்களை 2009-இல் கைவிட்டது. அமெரிக்கா பற்றிப் பெரியவர் கூறியது பாதி உண்மை: அங்குப் பெரும்பான்மையோர் காகிதத்தில் வாக்களிக்கின்றனர்; ஆனால் அதனை எண்ணுவது பெரும்பாலும் யந்திரமே. 2000-ஆம் ஆண்டு புளோரிடாவில் 537 வாக்குகளால் ஓர் அதிபர் தேர்தல் முடிவுற்றபோது, துளையிட்ட அட்டைகளை விளக்கின் முன் பிடித்துப் பார்த்து அவர்கள் பட்ட பாட்டை உலகம் அறியும். காகிதம் என்பதாலேயே ஐயம் நீங்கிவிடாது.

நம் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ஆம் நாள், எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையையும், சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் மறுத்துவிட்டது. ஆயினும், சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வெளிவந்த பின் 45 நாள் காத்து வைக்குமாறும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் கேட்பின் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களின் உள்நினைவைச் சோதிக்குமாறும், சீட்டுகளை எண்ணுவதற்கே ஒரு யந்திரம் அமைத்தல் இயலுமா என்று ஆராயுமாறும் பணித்தது. அத்தீர்ப்பைக் குறைகூற யான் சட்டம் பயின்றவனல்லேன். எனினும் ஒரு கணக்கு மனத்தை உறுத்துகின்றது. 2024 பொதுத் தேர்தலில் சாவடிகள் 10 லட்சத்துக்கு மேல். வாக்களித்தோர் 64 கோடிக்கு மேல். சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து என்றால் நூற்றுக்கு இரண்டளவே சீட்டுச் சோதனைக்கு வரும். இரண்டு லட்சம் வாக்கு வேறுபாட்டில் முடிந்த தொகுதிக்கும் ஐந்து. பரவூர் போல 123-இல் முடியும் தொகுதிக்கும் அதே ஐந்தா? வேறுபாடு சுருங்கச் சுருங்கச் சோதனை பெருகவேண்டும் என்பது, தராசில் பொன் நிறுக்கும் தட்டானும் அறிந்த முறை. சீட்டு இருக்கின்றது, பெட்டியும் இருக்கின்றது, எண்ணுதற்கு ஒரு நாள் மிகுதியாகச் செல்லும் என்பதே தடையாயின், ஆறு வாரம் நடக்கும் தேர்தலுக்கு ஒரு நாள் மிகையன்று.

இனி, தேநீர்க்கடையிலும் விடுதியிலும் எவரும் பேசாத ஒன்றைக் கூற விரும்புகின்றேன். யந்திரம் பொய் கூறுகின்றது என்று அஞ்சுவோர் பலர். அது மிகுதியான உண்மையைக் கூறிவிடுகின்றது என்று அஞ்சுவார் அரியர். சீட்டு முறையில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து, பின்னர் எண்ணும் வழக்கம் இருந்தது. அச்சுறுத்தல் உள்ள இடங்களில் அவ்வாறு கலக்க விதிகளிலேயே இடமுண்டு. யந்திரத்திலோ ஒவ்வொரு சாவடியும் தனித்தனியே எண்ணப்படுகின்றது. எண்ணும் மேசைக்கு எதிரே கம்பி வலைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் முகவர், இன்ன சாவடியில் இன்னார்க்கு இத்தனை என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்கின்றார். ஒரு சாவடி என்பது யாது? இரண்டு மூன்று தெருக்கள், ஒரு குடியிருப்பு, பல ஊர்களில் ஒரே சாதியார் வாழும் ஒரு சேரி. எனவே முடிவு வெளிவந்த மாலையிலேயே, எந்தத் தெரு தனக்கு வாக்களித்தது, எந்தத் தெரு கைவிட்டது என்பது வென்றவர்க்குத் தெரிந்துவிடுகின்றது. அடுத்த ஐந்தாண்டில் குடிநீர்க் குழாயும் தார்ச்சாலையும் எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்பதை ஊரார் அறிவர், அதனாலேயே, “நாம் யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமா, தம்பி?” என்று எங்கள் ஊர்ப் பாட்டிமார் கேட்கின்றனர். படித்த இளைஞர் நகைத்து, “அது இரகசியம், பாட்டி” என்கின்றனர். பாட்டி கேட்டது தன்னைப் பற்றி மட்டுமன்று. தன் தெருவைப் பற்றி. தெருவின் வாக்கு இரகசியமன்று.

காணவேண்டிய கணக்கு பொறிக்குள் மறைந்தும், மறையவேண்டிய தெருவின் மனம் வெளியே தெரிந்தும் கிடக்கின்றன. முன்னதற்கு விவிபேட் ஓரளவு மருந்தாயிற்று. பின்னதற்கும் மருந்து இல்லாமலில்லை. பதினான்கு சாவடிகளின் யந்திரங்களை ஒரு கருவியோடு பிணைத்து, தனித்தனி எண்களைக் காட்டாமல் மொத்தத் தொகையை மட்டும் காட்டச் செய்யலாம். டோட்டலைசர் என்னும் அக்கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-இல் அரசினர்க்கு முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015 மார்ச்சில் வெளியிட்ட தனது 255-ஆவது அறிக்கையில் அதனை வேண்டிற்று. மத்திய அரசு இசையவில்லை. சாவடி வாரியாக எண்களை அறிந்தால்தான் தங்கள் தொண்டர் எங்கே உழைத்தனர், எங்கே உறங்கினர் என்பது தெரியும் என்று எல்லாக் கட்சியினரும் விரும்புவது இயல்பே. யந்திரத்தைப் பற்றிப் பகலிரவாக வழக்கிடும் கட்சிகள் இவ்வொன்றைப் பற்றி மட்டும் ஒற்றுமையாக வாய்மூடி இருக்கின்றன.